நாற்காலியை இரவல் கொடுத்த நாள்

ஊருக்கெல்லாம் கதவு திறந்துவிடும் அலுவலகம் அது. கடையோ, பள்ளிக்கூடமோ, ஆஸ்பத்திரியோ, யார் எதைக் கட்டினாலும், கண் தெரியாதவர், காது கேளாதவர், சக்கர நாற்காலியில் வருபவர் என எல்லோரும் சிரமமில்லாமல் உள்ளே போய்வரலாம் என்று இவர்கள் சான்று கொடுத்தால்தான் திறப்பு விழா நடத்த முடியும். சான்று கொடுக்கிறவர்களுக்கு யார் சான்று கொடுப்பது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர்கள் வாசற்படியிலேயே நின்றுபோயிருப்பார்கள்.

வாசலில் சரிவுப்பாதை இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்தது. வெறிச்சென்று கிடக்கிறதே என்று முன்பிருந்த தலைவர் ஒருவர் அதன்மேல் வரிசையாகப் பூந்தொட்டிகளை வைக்கச் சொல்லியிருந்தார். செடிகள் சிரமமில்லாமல் ஏறி உட்கார்ந்திருந்தன.

தினமும் காலையில் வாசல் காவலாளி இரண்டு தொட்டிகளை ஒதுக்கி வழிவிடுவார். அந்த இடைவெளியில் சக்கர நாற்காலியோடு ஒரு பெண் உள்ளே பாய்வாள். அந்தப் பாய்ச்சலைப் பார்த்துவிட்டு அவர்தான் அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

தரைத்தளத்தில் சான்று அடிக்கிற பிரிவில் அவளுக்கு வேலை. ‘இக்கட்டடத்தினுள் அனைவரும் எளிதில் சென்று வரலாம்’ என்ற வரியை நாள் முழுக்க அடித்துக்கொண்டிருப்பாள். சின்ன வயதில் கால்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டதால் அவற்றின் வேலையையும் கைகள் எடுத்துக்கொண்டன. பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி ஓர் இடத்தில் இருக்க அவளுக்கு வராது. பிரின்டருக்கு ஓடுவாள், ஜன்னலுக்கு ஓடுவாள், ஒன்றுமில்லாவிட்டால் நடைபாதையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவாள். போக முடியாத இடம் ஒன்றே ஒன்று. கழிப்பறை. அதன் கதவு அவள் நாற்காலியைவிடக் குறுகல். மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். மூன்று தடவையும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. கடைசியில் அவள் தண்ணீரைப் பரிசீலித்தாள். காலையில் அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டால் மாலை வரை தாங்கும்.

அவள் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தற்காலிகம். கெடு முடிகிற நாள் வந்தது. அன்று மாலையில் இரண்டாம் மாடியில் வேலை நிரந்தரக் குழு கூடும். அதன் முன்னால் நேரில் போனால் நிரந்தரம், இல்லாவிட்டால் மறுநாளிலிருந்து வர வேண்டியதில்லை. இந்த வேலை கிடைப்பதற்கு முன்னால் பல வருடம் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். அந்த ஜன்னலுக்குத் திரும்ப அவள் தயாராக இல்லை.

அன்று காலை கணினியைத் திறப்பதற்குள் நிர்வாக அதிகாரி வந்து நின்றார். சட்டையில் ரிப்பன் குத்தியிருந்தார்.

“இன்னைக்கு என்ன நாள் தெரியுமாம்மா?”

“தெரியும் சார். சாயங்காலம் என்னோட நிரந்தரம்…”

“அது கிடக்கட்டும். இன்னைக்கு அனுபவ நாள். மாற்றுத்திறனாளிங்க படற கஷ்டத்த அதிகாரிங்க எல்லாரும் நேரடியா அனுபவிச்சுப் பார்க்கப் போறோம். காலைல உறுதிமொழிகூட எடுத்தாச்சு.”

“நல்லது சார்.”

“அதுக்கு ஒரு சக்கர நாற்காலி வேணும்.”

“பன்னெண்டு வாங்கியிருக்கோம்னு சொன்னாங்களே?”

“வாங்கியாச்சு, வந்தாச்சு. பார்ட் பார்ட்டா பெட்டியில இருக்கு. வாங்கறதுக்கு அனுமதி வாங்கினோம், மாட்டறதுக்கு வாங்க மறந்துட்டோம். ஸ்க்ரூ முடுக்கறது பராமரிப்புல வருமா கட்டுமானத்துல வருமான்னு ஃபைல் சுத்திட்டிருக்கு. அதனால உங்களோடத ஒரு பத்து நிமிஷம்…”

“அப்ப நான் எதுல சார் இருக்கிறது?”

நிர்வாக அதிகாரி சிரித்தார். “நீங்கதான் எப்பவும் உக்காந்தே இருக்கவங்களாச்சே! எதுல உக்காந்தா என்ன? உங்களுக்காகத்தான இவ்வளவும் பண்றோம்.”

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. மாலையில் கூடப்போகிற குழுவில் இவரும் ஒருவர் என்ற நினைப்பு வந்து வாயை மூடியது. பக்கத்து மேஜை அக்கா கை கொடுக்க, எக்ஸ்பிரஸ் ஒரு மர நாற்காலிக்கு மாறினாள். அவளுடைய நாற்காலி அவளில்லாமல் நடைபாதையில் உருண்டு போனது. அதைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது.

முதலில் உட்கார்ந்தவர் தலைவர். தலைவர் கனத்த சரீரி. நாற்காலியோ அவள் இடுப்புக்கு அளவெடுத்துச் செய்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்து அழுத்தியதும் உள்ளே இறங்கினார். நிர்வாக அதிகாரி தள்ள, நடைபாதையில் ஒரு சுற்று வந்து, எக்ஸ்பிரஸின் மேஜைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி, ஒலிபெருக்கியை வாங்கினார்.

“நண்பர்களே! இதுல உக்காந்த அடுத்த நிமிஷமே எனக்கு ஒரு உண்மை தெரிஞ்சுபோச்சு. என்கிட்ட யாருமே பேசல! என்னைத் தள்ளிட்டு வர்றவர்கிட்டதான் பேசறாங்க. நான் ஒரு மனுஷன் இங்க உக்காந்திருக்கேன், என் முகத்த ஒருத்தரும் பார்க்கல. மனசு வலிச்சுது.” கண்ணைத் துடைத்துக்கொண்டு நிர்வாக அதிகாரியின் பக்கம் திரும்பினார். “அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க, அதுக்கும் தினமும் இப்படித்தான் இருக்குதான்னு.”

நிர்வாக அதிகாரி பக்கத்து மேஜை அக்காவைப் பார்த்து, “இவங்களுக்கு இப்படித்தானா?” என்று கேட்டார்.

“இப்பக்கூட இப்படித்தான் சார்,” என்றாள் எக்ஸ்பிரஸ். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

அடுத்து ஊர்வலம் கழிப்பறைக்குப் போனது. நாற்காலி திறந்த கதவில் இடித்து நின்றது. தலைவர் இன்னொரு முறை தள்ளச் சொன்னார். இன்னொரு முறை இடித்தது.

“என்னய்யா இது? கதவு குறுகலா இருக்கு! சான்று கொடுக்கிற நம்ம ஆபீஸ்லயே! இத்தனை நாளா ஒருத்தர்கூட இதக் கவனிக்கலையா?”

எக்ஸ்பிரஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். “மூணு தடவை எழுதிக் கொடுத்தேன் சார்!”

“அது புகார் சார்,” என்று நிர்வாக அதிகாரி தலைவரிடம் தாழ்ந்த குரலில் விளக்கினார். “இது கண்டுபிடிப்பு.”

கண்டுபிடிப்பை அப்படியே விட்டுவிட முடியுமா? ‘இக்கதவு குறுகலானது என்பதை மாண்புமிகு தலைவர் கண்டறிந்தார்’ என்று பித்தளைப் பலகை ஒன்று செய்து அதே கதவில் அடிப்பது என்று அந்த இடத்திலேயே முடிவானது. அனுமதியும் அந்த இடத்திலேயே கிடைத்தது. ஸ்க்ரூ முடுக்குவது எந்தத் தலைப்பில் வரும் என்று அப்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தலைவருக்கு அப்புறம் துணைத் தலைவர்கள். அவர்கள் இரண்டு பேர். யார் மூத்தவர் என்று அவர்களுக்குள் நெடுநாளாக வழக்கு நடக்கிறது. இரண்டாவதாக உட்கார்ந்தால் தோற்றதாக ஆகிவிடும் என்று இரண்டு பேருடைய வக்கீல்களும் போனில் எச்சரித்தார்கள். கடைசியில் இருவரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காலி நாற்காலியைக் கட்டடம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். எதிரில் வந்தவர்கள் எல்லாம் நாற்காலிக்கு வணக்கம் சொன்னார்கள். அதற்குப் பின்னால் பிரிவு அதிகாரிகள், உதவி அதிகாரிகள், உதவிக்கு உதவிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று, ஒரு புகைப்படம், ஒரு சொற்பொழிவு.

பத்து நிமிஷம் எந்தக் கடிகாரத்தில் என்று கேட்காமல் விட்டது தப்பு. மர நாற்காலியில் எக்ஸ்பிரஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிரின்டர் அறையின் அந்தக் கோடியில் தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. போக நினைக்கும் ஒவ்வொரு முறையும் கைகள் இரண்டும் தாமாக இறங்கிச் சக்கரத்தைத் தேடின. அங்கே காற்றுத்தான் இருந்தது. மேஜையைத் தட்டினாள், பேனாவைச் சுழற்றினாள், ஏற்கெனவே அடித்த சான்றை இன்னொரு முறை அடித்தாள். உடம்பின் ஒரு பாதி காலையிலிருந்தே கழிப்பறையை நினைத்துக்கொண்டிருந்தது. மறு பாதி இரண்டாம் மாடியை நினைத்தது.

“அக்கா, போய்க் கேட்டுட்டு வாங்களேன்.”

அக்கா போய்விட்டு வந்தார். “உன் பேரு வரிசையில இல்லையாம். ஏற்கெனவே அனுபவம் உள்ளவங்களுக்கு அனுபவ நாள்ல இடம் கிடையாதாம்.”

மதியத்துக்கு மேல் ஸ்டோர்க்காரர் பசையும் சீட்டுமாக வந்தார். நல்ல மனிதர். எண் ஒட்டாத பொருளைக் கண்டால் அவருக்குத் தூக்கம் வராது. தன் மூக்குக்கண்ணாடிக்கூட்டுக்கே எண் ஒட்டியவர். நடைபாதையில் போய்க்கொண்டிருந்த நாற்காலியை நிறுத்தி அதன் முதுகில் ஒரு சீட்டை ஒட்டினார்.

“அது என்னோடது!” என்று கத்தினாள் எக்ஸ்பிரஸ்.

“இருக்கலாம்மா. ஆனா ஆபீஸ் நிகழ்ச்சியில ஆபீசருங்க பயன்படுத்தியாச்சு. படத்துலயும் வந்தாச்சு. இனி இது ஆபீஸ் சொத்து. நிரந்தர இருப்பு.”

ஒரு வருடமாக அவளுக்குக் கிடைக்காதது அரை நிமிஷத்தில் நாற்காலிக்குக் கிடைத்தது.

கடைசிப் படம் மொட்டைமாடிக்குப் பக்கத்தில் வெளிச்சமாக இருக்கும் என்று நாற்காலியை லிஃப்டில் இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். படம் எடுத்ததும் அப்படியே பக்கத்து அறையில் குழு கூடிவிட்டது. எக்ஸ்பிரஸின் மேஜையில் தொலைபேசி அடித்தது.

“குழு உக்காந்தாச்சு. நேர்ல வரச் சொல்றாங்க. சீக்கிரம்,” என்றது ஒரு குரல்.

“நாற்காலிய அனுப்புங்க, வர்றேன்.”

“முதல்ல நீங்க வாங்க. நாற்காலியப் பத்தி அப்புறம் பேசலாம்.” தொடர்பு அறுந்தது.

பக்கத்து மேஜை அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். “வா, தூக்கிட்டே போயிடறேன்.”

வாசலில் நின்ற உதவி அதிகாரி ஒருவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். “தூக்காதீங்க, தூக்காதீங்க! மாற்றுத்திறனாளிங்கள மூட்டை மாதிரி தூக்கறது அவமரியாதை. காலைலதான் உறுதிமொழி எடுத்தோம்!”

“அப்ப எப்படித்தான் போறது?”

“சுயமரியாதையோட,” என்றார் அவர்.

அக்கா மர நாற்காலியோடு சேர்த்து அவளை இழுக்க ஆரம்பித்தார். எக்ஸ்பிரஸ் மேஜை விளிம்புகளையும் சுவரையும் பிடித்துத் தள்ளினாள். நாற்காலிக் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. பாதி வழியில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. எக்ஸ்பிரஸின் விரல் நுனிகள் சிவந்துபோயின. எப்படியோ லிஃப்டுக்கு முன்னால் வந்து சேர்ந்தார்கள். லிஃப்ட்காரர் கையை நீட்டி மறித்தார்.

“இன்னைக்கு ஒருநாள் லிஃப்ட் சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கு மட்டும்க்கா. போர்டு மாட்டியிருக்கு, பாருங்க.”

“அது நான்தான்யா!”

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த மர நாற்காலியின் நான்கு கால்களையும் பார்த்தார். தினமும் அவள் சக்கர நாற்காலியில் ஓடுவதைப் பார்க்கிறவர்தான். அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. “எனக்குத் தெரியாதாக்கா? ஆனா சக்கரம் இல்லியே. மேல கேட்டா நான் என்ன சொல்வேன்?”

அக்கா படியேறி மேலே ஓடினார். திரும்பி வரும்போது நாற்காலி வரவில்லை, ஸ்டோர்க்காரர்தான் வந்தார்.

“தரமாட்டேன்னு நான் சொல்லலம்மா. நிரந்தர இருப்புல இருக்கிற பொருள நிரந்தர ஊழியருக்குத்தான் தரலாம். நீங்க போய் நிரந்தரம் ஆயிட்டு வாங்க, உடனே தர்றேன்.”

“நிரந்தரம் ஆகணும்னா மேல போகணும்.”

“ஆமா.”

“மேல போகணும்னா நாற்காலி வேணும்.”

“ஆமா.”

“நாற்காலி வேணும்னா நிரந்தரம் ஆகணும்.”

“கரெக்டா சொல்லிட்டீங்க,” என்றார் ஸ்டோர்க்காரர். யாராவது ஒருவர் விதிமுறையை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டதில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அலுவலகம் மூடுகிற நேரத்துக்கு லிஃப்ட் திறந்தது. தலைவரும் குழுவும் இறங்கி வந்தார்கள். உடன் நாற்காலியும் வந்தது, ஸ்டோருக்குப் போவதற்காக. அதன் இடது சக்கரம் லேசாகக் கோணியிருந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் குனிந்து கண்ணுக்கு நேராகப் பேச வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தலைவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மர நாற்காலிக்கு முன்னால் குனிந்தார்.

“அம்மா, நான் அதுல கால் மணி நேரம் உக்காந்தேன். முதுகு விட்டுப்போச்சு. இடுப்பு கழண்டுபோச்சு. இவ்வளவு வேதனையோட ஒருத்தர வேலை செய்யச் சொல்றதா? நாங்க என்ன மிருகமா? குழுவுல எல்லாருமே கண் கலங்கிட்டாங்க. ஒருமனதா முடிவு பண்ணிட்டோம். இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம். நாளையிலேர்ந்து வீட்டுல நிம்மதியா இருங்க.”

அவள் கண்முன் அந்த ஜன்னல் வந்து நின்றது. அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது ஆத்திரம்.

“அந்த நாற்காலியில எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல சார். அது இல்லாம இருந்தேன் பாருங்க இன்னைக்கு ஒருநாள், அதுதான் கஷ்டம்.”

“அதையேதான் நானும் சொல்றேன். கஷ்டம்!” தலைவர் நிமிர்ந்தார். “கூப்பிட்டப்ப நேர்ல வேற வரல நீங்க. அதையும் நாங்க பெருசு பண்ணல.”

“சரி. நாற்காலியக் குடுங்க, போறேன்.”

ஸ்டோர்க்காரர் இருமினார். “வெளியாளுக்குத் தர முடியாது சார். பதிவ ரத்து பண்ணணும்னா பொருள் உடைஞ்சிருக்கணும், இல்ல எரிஞ்சிருக்கணும். ரெண்டு சாட்சி வேணும்.”

எக்ஸ்பிரஸ் தலைவரைப் பார்த்தாள், நிர்வாக அதிகாரியைப் பார்த்தாள், கோணிய சக்கரத்தைப் பார்த்தாள். நாள் முழுக்க எதையாவது தேடிக்கொண்டிருந்த கைகளை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப நான் போகல.”

“என்னது?”

“நாற்காலி இல்லாம எப்படிப் போவேன்? தூக்கக்கூடாதுன்னு உறுதிமொழி எடுத்திருக்கீங்க. நான் இங்கயே இருக்கேன். நீங்க பூட்டிட்டுப் போங்க.”

ஆள் உள்ளே இருக்கையில் கட்டடத்தைப் பூட்டக்கூடாது என்று காவலாளி சொன்னார். பூட்டாமல் அதிகாரிகள் போகக்கூடாது என்று நிர்வாக அதிகாரிக்கே தெரியும். தலைவருக்கு அன்று மாலை ஒரு விருது வாங்க வேண்டியிருந்தது; அனைவரையும் அரவணைத்துச் செல்லும் அலுவலகத்துக்கான விருது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலுக்கு நடந்தார், திரும்பி வந்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் அலைந்தார்கள். அந்த அலுவலகத்தில் முதல் தடவையாக எக்ஸ்பிரஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“யார் பேர்லயாவது எழுதி இந்தம்மாகிட்ட குடுத்துத் தொலைங்கய்யா!” என்றார் தலைவர்.

“எழுதலாம் சார். தொலைஞ்சாலோ உடைஞ்சாலோ யார் பேர்ல இருக்கோ அவர் பென்ஷன்ல பிடிப்பாங்க. தலைவர் பேர்ல எழுதிடட்டுமா?” என்று கேட்டார் ஸ்டோர்க்காரர்.

தலைவர் துணைத் தலைவர்களைப் பார்த்தார். காலையில் யார் மூத்தவர் என்று மல்லுக்கு நின்ற இருவரும் இப்போது, “நீங்கதான் சார் சீனியர்,” என்று ஒருவரையொருவர் கை காட்டினார்கள். வழக்கு அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கும், எழுதிக்கொள்ள ஆளில்லை. பிரிவு அதிகாரிகள் ஒவ்வொருவராக ஓரடி பின்னால் போனார்கள்.

“நிரந்தர ஊழியர் யார் பேர்ல வேணா எழுதலாம் இல்லையா?” என்று கேட்டாள் எக்ஸ்பிரஸ்.

“தாராளமா,” என்றார் ஸ்டோர்க்காரர்.

“அப்ப என்னை நிரந்தரம் பண்ணுங்க. என் பேர்ல எழுதிக்குங்க. தொலைஞ்சா என் பென்ஷன்ல பிடிங்க.”

பின்னாலிருந்து யாரோ ‘அப்பாடா’ என்றார்கள். குழு லிஃப்டுக்கு முன்னால், அவளைச் சுற்றி நின்றபடியே கூடியது. அவள் நேரில் இருக்கிறாள் என்று குறித்துக்கொண்டார்கள். நிர்வாக அதிகாரி உத்தரவைச் சுவரில் வைத்து எழுதி உரக்கப் படித்தார்: ‘மேற்படி நாற்காலியின் பாதுகாப்பை முன்னிட்டு, மேற்படியாளர் இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகிறார்.’

“பாத்தீங்களா,” என்றார் தலைவர், காரில் ஏறும்போது. “நாங்க யாரையும் கைவிட மாட்டோம்.”

வெளியே அவள் கணவன் ஸ்கூட்டரோடு காத்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். ஜன்னலுக்கும் கதவுக்கும் கண்ணாடி மாட்டுவது தொழில். ஸ்கூட்டரோடு ஒட்டிய பக்கவண்டியில் நாற்காலியை மடக்கி ஏற்றும்போது முதுகிலிருந்த சீட்டைப் பார்த்தான்.

“இது என்ன நம்பர்?”

“நிரந்தரம் ஆயாச்சு.”

“உனக்கா?”

“முதல்ல அதுக்கு. அப்புறம் எனக்கு.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் தலையை ஆட்டினாள்.

“தண்ணி அப்புறம். முதல்ல வீட்டுக்கு ஓட்டு, வேகமா.”

பாதி தூரம் போனதும் அவன் கேட்டான். “அந்தக் கதவு என்ன ஆச்சு? அகலம் பண்றாங்களாமா?”

“அதுல பித்தளைப் பலகை அடிக்கப் போறாங்க, குறுகலா இருக்குன்னு கண்டுபிடிச்சதுக்கு. பலகை ஏறிட்டா அப்புறம் அந்தக் கதவ எவனும் தொட மாட்டான்.” அவள் விரல்கள் மறுபடியும் பரபரக்க ஆரம்பித்திருந்தன. “கதவ நிலையிலேர்ந்து கழட்டிட்டா எவ்வளவு இடம் கிடைக்கும்?”

“நாலு விரல் அகலம் கிடைக்கும். கதவுக்குப் பதிலா திரை போட்டுக்கலாம். ஏன்?”

“அது போதும். உன் ஸ்க்ரூ டிரைவர நாளைக்கு என் பையில போட்டுடு.”